முன்பக்கம் செவ்வாய், பின்பக்கம் அம்பு

நெற்றியில் திருமண், தோளில் துணிப்பை, பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். இந்தக் கோலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஆட்டுக்கறிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டைக்குக் குறுக்கே போகிற ஒரு தெரு. அந்தக் கடையை அதற்கு முன் நூறு தடவையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். அன்று நின்று பேச வேண்டியிருந்ததால் மூச்சை விட்டுத்தான் ஆகவேண்டும். விட்டேன். கழுவிவிட்ட சிமென்ட் தரையின் ஈர வாடையும் மரக்கட்டை வாடையும் வந்தன. பயந்த அளவுக்கு இல்லை.

கடைக்காரர் காதர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த கத்தியைக் கட்டை மேல் வைத்தார்.

“இன்னா சாமி, வழி மாறி வந்துட்டீங்களா? கோயிலு அந்தாண்ட கீது.”

“இல்லை பாய். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். ஆட்டுக்கு நுரையீரல் எந்த இடத்துல இருக்குன்னு காட்டணும்.”

“வாங்கவா?”

“இல்லை. அம்பு விட.”

பக்கத்தில் ஒயர்கூடையோடு நின்றிருந்த அம்மாள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, கத்தரிக்காய் வாங்கும்போதே பூச்சி இருந்தால் முகம் சுளிக்கிற நான் எப்படி அந்த வாசலுக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மண்டையை மாற்றிய வேட்டைக்காரர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாயசைவுக்குத் தகுந்த மாதிரி வார்த்தை போட வேண்டும். வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால் நாமும் திறக்கவேண்டும், அவர் மூடினால் மூடவேண்டும். வீட்டில் முப்பது வருஷமாக அந்தப் பயிற்சி இருந்ததால் எனக்கு அது சுலபமாக வந்தது.

வடபழனியில் குமார் என்பவரின் டப்பிங் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். லிஃப்ட் அளவுக்கு ஒரு அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. குமார்தான் முதலாளி, குமார்தான் ஒலிப்பதிவாளர், பல சமயம் குரல் கொடுப்பதும் குமார்தான். கரகரவென்று ஒரு குரல். அந்தக் குரலில் அவர் தண்ணீர் கேட்டால்கூட மிரட்டுவது போல இருக்கும்.

அப்போது வந்தது ஒரு அமெரிக்கத் தொடர். நரைத்த தாடிக்காரர் ஒருவர் பனிமலையில் வில்லும் அம்புமாகப் பெரிய பெரிய மிருகங்களைத் தேடிப் போகிறார். நம் ஊரில் இதைச் செய்தால் ஜெயில். பார்ப்பதற்குத் தடை இல்லை போலிருக்கிறது. ஆனால் தொடரில் பாதி நேரம் வேட்டையே கிடையாது. தாடிக்காரர் ஒரு மேஜை நிறைய அம்பு முனைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, எது ஆழமாகப் போகும், எது எலும்பில் பட்டால் மடங்கும், எந்த மிருகத்துக்கு எது தோது என்று பேசிக்கொண்டே இருக்கிறார். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்குவது பற்றி நடக்கும் விவாதத்தை விட நீளம்.

முதல் பகுதியை ஒரே மத்தியானத்தில் முடித்தேன். அகராதியைத் தொடவில்லை. தொட்டால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு.

அதில் வந்த பிராட்ஹெட் என்பது வேட்டை அம்பின் முனை. பட்டையாக, சவரக்கத்தி போல அலகுகள் வைத்தது. பிக் கேம் என்றால் பெரிய மிருகங்கள். இது இரண்டும் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அதனால் குமார் மைக் முன்னால் நின்று, நெஞ்சைத் தூக்கி, தன் கரகரக் குரலில் இப்படி முழங்கினார்:

“ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் முன்னாடி நான் என் மண்டையை மாத்திடுவேன். அகலமான மண்டைதான் எனக்கு எப்பவுமே ராசி!”

முழங்கிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“சார், ஒரு டவுட்டு. அவரு மண்டைய எப்பிடி சார் மாத்துறாரு?”

“அது ஒரு சொலவடை குமார். மனநிலையை மாத்திக்கறதுன்னு அர்த்தம்” என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

“அப்ப இந்தக் கடைசி லைன்ல, அம்பு முழுசா பாஸாயிடுச்சுன்னு எழுதிக்கீறீங்களே. எத்தினி மார்க்கு சார்?”

அம்பு மிருகத்தைத் துளைத்து மறுபக்கம் வெளியே போவதைத்தான் தாடிக்காரர் ‘பாஸ் த்ரூ’ என்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று அப்படியே அனுப்பிவிட்டோம். இரண்டு நாளில், வேலை கொடுத்த மும்பை கம்பெனியிலிருந்து ஒரு வரியில் கடிதம் வந்தது. ‘இவருக்கு மொத்தம் எத்தனை தலை?’ வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பாணமா, பானமா?

அதன் பிறகுதான் புத்தி வந்தது. தாடிக்காரர் பேசுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதுதான் அவருடைய முழுக் கவலை. அதற்குத் தமிழில் என்ன சொல்வது?

‘ஊடுருவல்’ என்று எழுதினேன். குமார் படித்துப் பார்த்து, “எல்லையில ஊடுருவல்னு நியூஸ் வாசிக்கிற மாதிரி கீது சார்” என்றார். நியாயம்தான்.

அம்பு என்பதையே கொஞ்சம் கம்பீரமாக்கலாம் என்று ‘பாணம்’ என்று போட்டேன். சின்ன வயதிலிருந்து எவ்வளவு உபன்யாசம் கேட்டிருக்கிறேன்! பாணம் போகும், மலையைப் பிளக்கும், கடலை வற்றச் செய்யும், திரும்பி அம்பறாத்தூணிக்கே வந்துவிடும். ஆனால் அதன் முனையில் எத்தனை அலகு, எடை என்ன என்று ஒரு பாகவதராவது சொன்னாரா? கேட்டிருந்தால் அடுத்த நாள் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.

குமார் மைக்கில் “மூணு அலகு பாணம்” என்றார். நிறுத்தினார். “சார், மூணு கிளாஸ் பானம்னு காதுல விழுது. ஜூஸ் கட சீன் மாதிரி ஆயிடும்.”

பாணம் போயிற்று. ஆனால் அந்த வாக்கியத்தில் ஒன்று நின்றது. “இந்த அலகு நல்லா கீது சார். எங்க மாமா முருகனுக்கு வேண்டிக்கினு வருசா வருசம் அலகு குத்திக்குவாரு. எங்க ஏரியாவுல யாருக்கும் அர்த்தம் சொல்லத் தேவையில்ல. அலகு முனைன்னு போடுங்க.”

போட்டேன். பிராட்ஹெட்டுக்குத் தமிழ் கிடைத்தது வடபழனியில், இலவசமாக.

ஆழத்துக்குத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. அது மட்டுமல்ல, விஷயமே எனக்குப் பிடிபடவில்லை. விலா எலும்பு எங்கே, நுரையீரல் எங்கே, தோள் எலும்பில் பட்டால் ஏன் தாடிக்காரர் அப்படித் தலையில் கைவைத்துக்கொள்கிறார்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் காலை விட்டுவிட்டு ஆழம் தேடிக்கொண்டிருந்தேன். குமார்தான் சொன்னார். “சார், இதெல்லாம் கறிக்கட பாயைக் கேட்டா அஞ்சு நிமிசத்துல சொல்லிடுவாரு.”

ஒரு தாளுக்கு இரண்டு ஜன்மம்

இப்போது என் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளை நான் தூக்கிப்போட மாட்டேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், எதுவானாலும் பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அது என் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். வசனம் முழுக்க அதில்தான். ஒரு தாளுக்கு இரண்டு ஜன்மம் உண்டு என்பது என் கட்சி. “இந்த மனுஷன் முதுகை வெள்ளையா காட்டினா என் மேலயும் எழுதிடுவார்” என்பது என் மனைவி பத்மாவின் கட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்மா எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். எங்கள் பெண் மைதிலியின் ஜாதகத்தை ஜெராக்ஸ் எடுத்து, பதினோரு மணிக்குக் குளத்தங்கரை பஸ் ஸ்டாப்பில் ராகவன் என்பவரிடம் கொடுக்கவேண்டும்.

ராகவன், அரவிந்தின் அப்பா. அரவிந்த், அடையாறில் மைதிலியோடு வேலை பார்க்கிற பையன். இரண்டு பேரும் தீர்மானம் பண்ணி வெகு நாளாகிவிட்டது. அரவிந்துக்கு அம்மா இல்லை. ஆதம்பாக்கத்தில் அப்பாவும் பிள்ளையும் மட்டும்.

“அவன் அப்பா மனசாரச் சரின்னு சொல்லணும். அவரைத் தனியா விட்டுட்டு வான்னு நான் அவன்கிட்ட கேக்க மாட்டேன்” என்று மைதிலி சொல்லிவிட்டாள். ராகவனுக்கு நங்கநல்லூரில் ஒரு அக்கா. அலமேலு என்று பெயர். அந்த அம்மாள் ஜாதகம் பார்க்காமல் கோலம்கூடப் போட மாட்டார் என்று கேள்வி. அவருக்காகத்தான் இந்த ஜெராக்ஸ்.

எங்கள் பெண்ணுக்கு ஏழில் செவ்வாய். அரவிந்துக்கு முன்னால் வந்த இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போனது. முதல் இடத்தில் நாசூக்காகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள், மைதிலி காபி டம்ளரோடு நிற்கும்போது. அன்று அவள் டம்ளரைக் கொண்டுபோய் உள்ளே வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மூன்றாவது தடவை அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஜெராக்ஸ் கடையில் முதல் பிரதி மங்கலாக வந்தது. கடைக்காரர் அதை இலவசமாகக் கொடுத்துவிட்டு இன்னொன்று நன்றாக எடுத்துத் தந்தார். நல்லது ராகவனுக்கு, மங்கலானது பிஸ்கட் டப்பாவுக்கு. இரண்டையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவந்திருந்தேன். இனிமேல் நான் சொல்லவே வேண்டாம்.

நாலு விரல்

காதர் பாய் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, கொக்கியில் தொங்கியதைத் திருப்பி, வாத்தியார் மேப் காட்டுவது போலக் காட்டினார். நான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

“முன்னங்காலு இருக்குதுல்ல, அதுக்குப் பின்னாடி நாலு விரலு. அங்க விலா எலும்புக்கு நடுவுல இடுக்கு கீது பாருங்க. அதுக்குள்ளாற ரெண்டு நுரையீரலும். அங்க எறங்கிச்சுன்னா சத்தமே வராது. நாலடி நடக்கும், குந்திக்கும். தோள்பட்டை எலும்புல பட்டுச்சோ, போச்சு. அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.”

நான் கவரிலிருந்து ஒரு தாளை உருவி, பின்பக்கத்தில் அவர் சொன்னதையும் என் சந்தேகங்களையும் வேகமாக எழுதிக்கொண்டேன்.

“கத்தி மட்டும் மழுங்கலா இருக்கக் கூடாது சாமி. அது பாவம். இன்னொண்ணு, ஆட்டு கண்ணுக்கு எதுருல கத்தி தீட்டக் கூடாது. எங்க வாப்பா ரொம்ப கண்டிசன். உசுரு போறது போவட்டும், பயந்துக்கினு போவக் கூடாதுன்னுவாரு.”

அந்தத் தாடிக்காரரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஆழமாக இறங்காத அம்பு மிருகத்தைக் கொல்லாது, நாள் கணக்கில் நோகடிக்கும், அதனால்தான் முனைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று. கேட்டபோது எனக்கு அது சாக்குபோக்காகப் பட்டது. பாய் சொன்னபோது படவில்லை. எனக்கு வேட்டை இன்றும் பிடிக்காது. ஆனால் அந்தக் கவலை பொய்யில்லை என்று அன்று தெரிந்தது.

அதோடு வார்த்தையும் கிடைத்துவிட்டது. இறங்குவது! அம்பு ஊடுருவாது, பாயாது. இறங்கும். ‘எவ்வளவு ஆழம் இறங்கும்?’ எவ்வளவு லட்சணமாக வாயசைவுக்குப் பொருந்துகிறது!

பாய்க்கு நன்றி சொல்லிவிட்டு ஓடினேன். பதினோரு மணிக்கு ராகவன் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். ஒல்லியாக, உயரமாக, அதிகம் பேசாத மனிதர். கவரிலிருந்து தாளை எடுத்து, பயபக்தியோடு நாலாக மடித்துக் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

பின்பக்கம் வெள்ளை

சாயங்காலம் வசனம் எழுத உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவரிலிருந்த தாளை எடுத்தேன். மங்கலான ஜாதகம். பின்பக்கம் திருப்பினேன்.

வெள்ளை.

மறுபடி முன்பக்கம், மறுபடி பின்பக்கம். கவரைக் கவிழ்த்து உதறினேன். எழுதின தாள் ராகவனோடு பஸ் ஏறிப் போயிருந்தது.

“பத்மா” என்றேன். அவள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். சொன்னேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டாள். ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன்.

‘உடனே உயிர் போக:
முன்னங்கால் பின்னால் நாலு விரல். விலாவுக்கு நடுவில் இறக்கவும். சத்தம் வராது.
நாலடி நடந்து உட்காரும்.
கத்தி மழுங்கல் என்றால் பாவம். எதிரில் தீட்டக் கூடாது.
லேசான அம்பு + அதிக வேகம் = ஆழம்?
இரண்டு அலகா, மூன்று அலகா?
கொத்தமல்லி ஒரு கட்டு.’

பத்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“செவ்வாய்னாலே கத்தி, ரத்தம்னு சொல்லுவா. அந்த ஜாதகத்துக்குப் பின்னாடியே போய் இதை எழுதியிருக்கேளே! முன்பக்கம் கிரகம், பின்பக்கம் கிரகசாரம்!”

“ரெண்டு தாளும் ஒரே மாதிரி இருந்தது பத்மா. அந்த ஜெராக்ஸ்காரன் மங்கலா எடுக்காம இருந்திருந்தா…”

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? கண்ணாடியை ஆத்துல வெச்சுட்டுப் போனது ஜெராக்ஸ்காரனா?”

மைதிலி ஆபீசிலிருந்து வந்தாள். கேட்டதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, அந்தக் கொத்தமல்லி எதுக்குன்னு நினைச்சிருப்பார்?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“ரெண்டு இடம் செவ்வாயால போச்சு. இது உன்னால போகப் போறதுப்பா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

போன் செய்தேன்.

“சார், அந்தத் தாள்ல பின்னாடி…”

“ஆமா. பார்த்தேன்” என்றார் ராகவன். “ரெண்டு தடவை படிச்சேன். இது போன்ல பேசற விஷயம் இல்லை. வியாழக்கிழமை நேர்ல வரேன்.”

வைத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் கத்தியைத் தொடவில்லை. பத்மா பருப்புத் துவையலும் மிளகு ரசமுமாக ஓட்டிவிட்டாள்.

சிவப்பு மை

வியாழக்கிழமை சாயங்காலம் ராகவன் வந்தார். கையில் கனமான ஒரு கித்தான் பை. பையைக் கீழே வைத்தபோது ‘டங்’ என்று இரும்புச் சத்தம் கேட்டது. பத்மா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

காபி வந்தது. அவர் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். பின்பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

“நீங்க எழுதினதுல ஒண்ணு தப்பு சார்” என்றார்.

“எல்லாமே தப்புதான் சார். நான் விளக்கமா சொல்லிடறேன்…”

“இல்லை, மத்ததெல்லாம் சரி. இந்த அஞ்சாவது வரி. லேசான அம்பு, அதிக வேகம்னு போட்டிருக்கேள். கூடாது. கனம் வேணும். பிளாஸ்டிக் பந்தை எவ்வளவு வேகமா எறிஞ்சாலும் கதவு திறக்காது. அரிசி மூட்டை மெதுவா சாஞ்சாலே கதவு போயிடும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கோ நிறுத்தவே தோன்றவில்லை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் கத்தி சாணை பிடித்தவராம். காகிதம் வெட்டுகிற கத்தி, ரப்பர் வெட்டுகிற கத்தி, தோல் வெட்டுகிற கத்தி. கத்திகளைப் பற்றி அவர் வாயைத் திறந்தாலே அரவிந்த் எழுந்து போய்விடுவானாம். நான் அதை எப்படியோ கேள்விப்பட்டு, நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, ஜாதகத்துக்குப் பின்னால் சந்தேகத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

“இவ்வளவு மரியாதையா யாரும் என்னைக் கேட்டதில்லை” என்றார்.

பத்மா பின்னாலிருந்து என் முதுகில் இடித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“ரெண்டு அலகா, மூணு அலகான்னு கேட்டிருக்கேள். மூணு வெச்சா ஓட்டை பெருசாகும், ஆனா சீக்கிரம் நின்னுடும். பெரிய மிருகம், தடி எலும்புன்னா ரெண்டு அலகுதான். ரொம்ப மெல்லிசா சீவக் கூடாது. எலும்புல பட்டா மடங்கிடும். இருங்கோ, காட்டறேன். ஆத்துல பூசணிக்காய் இருக்கா மாமி?”

இருந்தது. வருகிற சம்பந்தம் நல்லபடி முடிந்தால் மோர்க்குழம்பு வைக்கலாம் என்று வாங்கிவைத்த வெள்ளைப் பூசணி. பத்மா அதை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். அவர் தாம்பாளத்தோடு அதைப் பழைய பிளைவுட் ஸ்டூல் மேல் ஏற்றினார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயையும் ஓர் இரும்புக் கம்பியையும் எடுத்தார். இரண்டின் நுனியிலும் அவர் கையால் தீட்டிய ஒரே மாதிரி அலகு முனை.

முதலில் குழாய். நின்ற உயரத்திலிருந்து விட்டார். பூசணியில் ஒரு விரற்கடை இறங்கி நின்றது. குழாயைப் பிடுங்கிவிட்டுக் கம்பியை எடுத்தார். அதே உயரம், அதே கை.

‘சதக்’ என்று ஒரு சத்தம், உடனே ‘டக்’ என்று இன்னொன்று. கம்பி பூசணியைத் தாண்டி, தாம்பாளத்தைத் தாண்டி, ஸ்டூல் பலகையில் குத்திக்கொண்டு நின்றது. பூசணியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தாம்பாளம் பத்மா அப்பா கொடுத்த சீர்.

“அப்பா, முழுசா பாஸ்” என்றாள் மைதிலி.

ராகவன் சிரித்தார். அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உறுத்தியது. இவ்வளவு கள்ளமில்லாத மனிதரிடம் மறைத்து என்ன கட்டிக்கொள்ளப் போகிறோம்? பத்மா கண்ணால் வேண்டாம் என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

“சார், முன்பக்கம் பார்த்தேளா? பொண்ணுக்கு ஏழுல செவ்வாய். அதனால ரெண்டு இடம் போயிருக்கு. நீங்க தெரிஞ்சுக்கணும்.”

அவர் தாளைத் திருப்பவில்லை. ஆறிப்போன காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“எனக்கும் ஏழுலதான்” என்றார். “எங்காத்துக்காரி போனப்போ என் செவ்வாய்தான் அவளைக் கொண்டுபோச்சுன்னு சொந்தக்காரா எல்லாம் கூடத்துல வெச்சே சொன்னா. அரவிந்துக்கு அப்போ பன்னிரண்டு வயசு, கேட்டுண்டு நின்னான். ஆஸ்பத்திரில வேற காரணம்தான் எழுதிக் குடுத்தா. நான் அந்தக் காகிதத்தைத்தான் வெச்சுண்டிருக்கேன். அன்னிலேருந்து கட்டத்தைப் பார்க்கறதே இல்லை. உங்க தாள்லகூடப் பின்பக்கம் மட்டும்தான் படிச்சேன்.”

பூசணித் தண்ணீர் ஸ்டூலிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மைதிலி போய் அவருக்கு வேறு சூடான காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, “உக்காரும்மா” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க, காரியத்துக்கு வந்தேன்.

“உங்க அக்கா கேப்பாளே?”

“கேப்பா. இதையே குடுத்துடறேன், சம்பந்தி.”

சம்பந்தி! பத்மா தாம்பாளத்தின் ஓட்டையை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

“இதையேவா? பின்னாடி இவ்வளவு எழுதியிருக்கே” என்றேன். “நல்ல காப்பி ஒண்ணு எடுத்துத் தரேனே.”

“வேண்டாம். இதுதான் தோது” என்று அவர் தாளை மடித்து, எழுத்து வெளியே தெரியும்படி பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வசனத்தை அனுப்பினேன். கனமான அம்பு, இரண்டு அலகு முனை, ஆழமாக இறங்கும். குமார் ஒரே டேக்கில் ஓகே செய்தார். மும்பையில் தலையை யாரும் எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ராகவன் போன் செய்தார். அக்கா ஜாதகத்தைப் பார்த்துவிட்டாராம்.

“என்ன சொன்னா?” என்று கேட்டேன். பத்மாவும் மைதிலியும் என் இரண்டு பக்கமும் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்கள்.

“முன்பக்கத்துக்குப் போகவே இல்லை. பின்பக்கத்தைப் படிச்சா. பொண்ணோட அப்பா கையெழுத்தான்னு கேட்டா. ஆமான்னேன். தாளை மெதுவா மடிச்சு என்கிட்டயே குடுத்துட்டா. அப்புறம், ‘அவா எந்தத் தேதி சொன்னாலும் சரின்னு சொல்லிடுடா’ன்னா.”

கல்யாணம் தை மாதம் நடந்தது. மூன்று நாளும் அலமேலு அக்கா என்னிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார். ஆனால் நான் எதிரே வரும்போதெல்லாம், அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து விலாவை மூடிக்கொண்டார்.